நான் மாற்றிப் படித்த சீட்டு

மூன்றாம் வகுப்பு பி பிரிவில் நாற்பது பிள்ளைகளுக்கு அன்பாக இருக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் வலது பக்கம் இருக்கும் பலகையில் என் படத்தைப் போட்டு அப்படித்தான் எழுதியிருந்தார்கள். படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்காததுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

உண்மையைச் சொன்னால் நான் முன்கோபக்காரி. அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்த பெட்டியே என் கோபத்தில் பிறந்ததுதான். ஒரு நாள் ஒரு அழிரப்பருக்காக இரண்டு பிள்ளைகள் கட்டிப் புரண்டு, ஒருவன் இன்னொருவன் தோளைக் கடித்துவிட்டான். அடிக்க ஓங்கிய கையை எப்படியோ மடக்கிக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போய், செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்றுக்குத் தங்க நிறக் காகிதம் ஒட்டி, மூடியில் ஒரு கீறல் போட்டேன். மேலே ‘நல்ல காரியப் பெட்டி’ என்று எழுதினேன்.

விதி இதுதான். யாருக்காவது உதவி செய்தால் ஒரு சீட்டில் தன் பெயர், உதவி பெற்றவர் பெயர், செய்த காரியம் மூன்றையும் எழுதிப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகப் படிப்பேன். செய்தவருக்கு ஒரு ஸ்டார் ஸ்டிக்கர். உதவி பெற்றவர் எழுந்து நின்று “நன்றி” சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வரி என்னுடைய சொந்தச் சரக்கு. நன்றி சொல்வதும் ஒரு பண்பு அல்லவா என்று ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டேன். பிள்ளைகள் எனக்கு ‘ஸ்டார் மிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்தது, பென்சில் சீவிக் கொடுத்தது என்று சீட்டுகள் வரும். பிறகு சரக்கு தீர்ந்துவிட்டது. நாற்பது பேரும் உதவி செய்யத் தயாராக இருந்தால் உதவி வாங்க ஆள் வேண்டாமா?

அந்த நேரத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். நடு வருடத்தில் வந்ததால் பிள்ளைகள் அவளைப் புதுப்பொண்ணு என்றார்கள். நாலு மாதம் ஆகியும் அவள் புதுப்பொண்ணுதான். கல்யாணப் பெண்ணைக்கூட இவ்வளவு நாள் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒல்லியான பெண். இடது கால் சற்றுக் குட்டை, அதற்குத் தடித்த அடியுள்ள ஷூ. எங்கள் வகுப்பு இரண்டாவது மாடியில், நாற்பத்து நாலு படி. வலது கையால் கைப்பிடியைப் பற்றி, வலது காலை மேலே வைத்து, பிறகு இடது காலை இழுத்து வைப்பாள். மெதுவாகத்தான் ஏறுவாள், ஆனால் ஏறிவிடுவாள். இதையெல்லாம் நான் இப்போது சொல்கிறேன். அப்போது நான் பார்த்தது ஷூவை மட்டும்தான்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மாடிப்படியில் ஒரு ஸ்டார், பை தூக்கினால் ஒரு ஸ்டார், பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு ஸ்டார். இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். “நான் புதுப்பொண்ணு பையைத் தூக்கினேன்.” “நான் புதுப்பொண்ணு கூட மெதுவாக நடந்தேன்.” ஒரு சீட்டில், “நான் புதுப்பொண்ணு நடப்பதைப் பார்த்துச் சிரிக்கவில்லை” என்று இருந்தது. அதற்கும் ஒரு ஸ்டார் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வகுப்பையே கைதட்டச் சொன்னேன்.

ஒவ்வொரு சீட்டுக்கும் அவள் எழுந்திருப்பாள். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை மேலே தள்ளி, நிமிர்ந்து, “நன்றி” என்பாள். உட்கார்வாள். அடுத்த சீட்டு. மறுபடியும் ஊன்றி, தள்ளி, நிமிர்ந்து, நன்றி. ஒரு வெள்ளிக்கிழமை பதினேழு முறை எழுந்தாள். எண்ணியவள் நான்தான். ‘என் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பதினேழு தடவை’ என்று பெரிய மிஸ்ஸிடம் சொல்வதற்காக எண்ணினேன்.

பெரிய மிஸ் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை. அவர்தான் பலகையில் படம் போட்டவர். வேறு பள்ளிகளிலிருந்து ஐந்து ஆசிரியர்கள் பெட்டியைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு நாள் சொன்னார். வெள்ளிக்கிழமை, கடைசி வகுப்பு. அந்த வாரம் முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் மாடிப்படியில் விழுந்தாள்.

வகுப்பில் இரண்டு பேர் ஸ்டார் வேட்டையில் முதல் இடத்துக்குப் போட்டி. ஒருத்தி கிளாஸ் லீடர். இன்னொருவன் கேள்வி கேட்கும் முன்பே பதில் சொல்லும் பையன், எல்லோருக்கும் அவன் முந்திரிக்கொட்டை. விருந்தாளிகள் வரும் நாள் என்பதால் இரண்டு பேரும் கீழேயே காத்திருந்திருக்கிறார்கள். லீடர் ஒரு கையைப் பிடித்தாள். முந்திரிக்கொட்டை இன்னொரு கையை, கைப்பிடியிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் இரண்டு வேகத்தில் ஏறினார்கள். முப்பதாவது படியில் அவள் முகம் குப்புற விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம்.

நான் ஓடி வந்தேன். வந்து என்ன சொன்னேன் தெரியுமா? “பாத்து ஏறக் கூடாதா? இன்னைக்குன்னு பாத்தா விழணும்?” என்று அவளைப் பார்த்துத்தான் கத்தினேன். பஞ்சு வைத்துத் துடைக்கும்போது மனதுக்குள் ஓடியதெல்லாம் சாயங்காலத்துக்குள் வீக்கம் வடியுமா என்பதுதான். அவள் அழவில்லை. உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

சாயங்காலம் ஐந்து பேரும் வந்து பின்வரிசையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஓரத்தில் பெரிய மிஸ். பெட்டி நிரம்பி வழிந்தது. லீடர் சீட்டு: “படியில் விழுந்த புதுப்பொண்ணைத் தூக்கிவிட்டேன்.” முந்திரிக்கொட்டை சீட்டும் அதேதான். இரண்டு பேருக்கும் ஸ்டார். விழ வைத்ததற்கும் ஸ்டார், தூக்கிவிட்டதற்கும் ஸ்டார். வீங்கிய உதட்டோடு அவள் எழுந்து இரண்டு முறை நன்றி சொன்னாள்.

நாலைந்து சீட்டு தாண்டி அடுத்ததை எடுத்தேன். இதுவரை பெட்டியில் வராத கையெழுத்து. அடியில் அவள் பெயர். அவள் பெட்டியில் போட்ட முதல் சீட்டு.

“அடடே, யார் எழுதியிருக்காங்க பாருங்க! நம்ம புதுப்பொண்ணு!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பிறகுதான் கண் கீழே ஓடியது.

“எனக்கு படி ஏற தெரியும். கைப்பிடி பிடிக்கிற கையை யாரும் பிடிக்காதீங்க. பிடிச்சா விழுந்துடுவேன். எல்லாருக்கும் ஸ்டார் வேணும்னுதான் சும்மா இருந்தேன். இதுக்கு எனக்கு ஸ்டார் வேண்டாம்.”

வகுப்பு காத்திருந்தது. பின்வரிசையில் ஒரு ஆசிரியை பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தார். பெரிய மிஸ் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. என் வாய் தானாகத் திறந்தது.

“படியில விழுந்தப்ப என்னைத் தூக்கிவிட்ட எல்லா நண்பர்களுக்கும் நன்றி. இந்த வகுப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்று படித்தேன்.

அப்படி ஒரு கைதட்டல் அந்த வகுப்பில் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் மட்டும் கைதட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். நான் அதை நாலாக மடித்து என் கைப்பைக்குள் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் எட்டு வயதுப் பிள்ளை சொன்ன ஐந்து வரியை அவள் கண் முன்னாலேயே மறைத்தேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். “வயித்து வலிங்கிறா டீச்சர்” என்றாள். சீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. அப்புறம், உயிர் வந்ததை நினைத்து என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு வயிற்று வலி என்று கேட்டு நிம்மதிப்படுகிற ஆசிரியை நான்.

அன்று மாலை வீட்டில் என் கணவர், “என்ன, ஸ்டார் மிஸ் மூஞ்சியில வெளிச்சமே இல்ல?” என்றார். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். எரிந்து விழுந்தேன். பிறகு கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு முழுவதும் சொன்னேன். எப்போதும் எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவர். அன்று சீட்டை மடித்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது மனம் ஆறியிருப்பேன்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் அவள் அம்மா வேலை செய்யும் துணிக்கடைக்குப் போனேன். கடை பெரியது, பளபளப்பானது. அம்மா இருந்தது பின்னால், ட்ரயல் ரூம்களை ஒட்டிய ஒரு சந்து அறையில். ஒரு தையல் மெஷின், ஒரு மேசை, ஆணியில் தொங்கும் பேன்ட்டுகள். வாங்குகிறவர்கள் போட்டுப் பார்த்து நீளம் அதிகம் என்றால் அங்கேயே வெட்டி மடித்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. வாயில் நாலைந்து குண்டூசி. மேசைக்குக் கீழே, துணி வெட்டுகளுக்கு நடுவில், அவள் பெண் உட்கார்ந்து ஒரு பேன்ட்டின் பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“சிட்டு, யாரு வந்திருக்கா பாரு” என்றாள் அம்மா, ஊசிகளை எடுத்துக்கொண்டே. சிட்டு. அந்தப் பிள்ளையை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“உக்காருங்க டீச்சர். நீங்களே வந்துட்டீங்களா? டாக்டர்கிட்ட காட்டினேன், வயித்துல ஒண்ணுமில்லைன்னுட்டார். ஸ்கூல்ல ஏதாவது நடந்துச்சாடின்னு கேட்டேன். இல்லவே இல்லம்மா, எங்க மிஸ் ரொம்ப நல்லவங்கங்கிறா. நாலு நாளா இதையேதான் சொல்றா.”

கீழே தையல் பிரிக்கும் கை நின்றது.

அப்படியே வந்துவிட்டிருக்கலாம். ஒரு பழம் வாங்கிக் கொடுத்து, தலையைத் தடவி, சீக்கிரம் வாம்மா என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். அந்தப் பிள்ளையே எனக்கு வழி போட்டு வைத்திருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன், அதன் பொருள் அன்றுதான் புரிந்தது. கடையில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். “ஒரு நிமிஷம் உள்ள வாங்க” என்று அவள் அம்மாவைக் காலியாக இருந்த ட்ரயல் ரூமுக்குள் கூப்பிட்டு, திரையை இழுத்து மூடினேன். மூன்று பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்.

சொன்னேன். விழுந்ததை, கத்தியதை, சீட்டை, நான் படித்ததை. சீட்டை எடுத்து நீட்டினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்து உதடசையப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“இவளுக்கு ரெண்டு வயசுலேருந்து நான்தான் படி ஏறப் பழக்கினேன்” என்றாள். குரல் உயரவில்லை. “விழுந்தா தூக்க மாட்டேன். அவளா எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். கல்நெஞ்சக்காரின்னு என் மாமியார் சொந்தக்காரங்க முன்னாடியெல்லாம் சொல்லியிருக்காங்க. ராத்திரி முகத்தை மூடிக்கிட்டு அழுவேன் டீச்சர். இவ நாப்பது படி ஏறுறாங்கிறதுதான் நான் சம்பாதிச்சது.”

“என்னை மன்னிச்சிடுங்க” என்றேன். “தப்பு பண்ணிட்டேன்.”

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னை.

“நாப்பது பேரு முன்னாடி படிச்சீங்க. மன்னிப்பு மட்டும் ட்ரயல் ரூமுக்குள்ளயா?”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அவள் திரையை விலக்கினாள். வெளியே சிட்டு மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

“அன்னைக்கு ஆளுங்க வந்திருந்தாங்கல்லம்மா” என்றாள் அம்மாவிடம். “அதான் மிஸ் அப்படிப் படிச்சாங்க. மிஸ் பாவம்மா.”

அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நாலு நாள் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போது விளங்கியது. எனக்காக. அம்மா அவள் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டு, “நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே டீச்சர்? அனுப்புறேன். அனுப்புறது என் வேலை. மிச்சம் உங்க வேலை” என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடம் திரும்பியதும் பெரிய மிஸ்ஸிடம் சொன்னேன். “இதெல்லாம் பெருசு பண்ணாதீங்க. அந்தப் பிள்ளைகிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும். வந்துட்டுப் போனவங்க அவங்க ஸ்கூல்லயும் ஆரம்பிச்சுட்டாங்களாம்” என்றார். எத்தனை வகுப்பில் எத்தனை பிள்ளைகள் மேசையை ஊன்றி எழுந்து நன்றி சொல்லப் போகிறார்கள்?

“படத்தை எடுத்துடுங்க மேடம். நாளைக்கு வகுப்புல சொல்லத்தான் போறேன்” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை சிட்டு வந்தாள். பிள்ளைகள் வழக்கம்போல் படிக்கட்டுக்கு ஓடினார்கள். யாரும் தொடாதீங்க என்று கத்த வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அவள் பெயரைச் சொல்லி ஊரைக் கூட்டியது போதும். “எல்லாரும் மேல போங்க, வருகை எடுக்கப் போறேன்” என்று மட்டும் சொன்னேன். ஓடிவிட்டார்கள். அவள் நாற்பத்து நாலு படியையும் தானே ஏறினாள். நான் நாலு படி பின்னால், கையைக் கட்டிக்கொண்டு வந்தேன். சும்மா வருவது அவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

கடைசி வகுப்பு. பெட்டியை மேசைமேல் வைக்கவில்லை. “மிஸ், பெட்டி! பெட்டி!” என்று முந்திரிக்கொட்டை குதித்தான்.

“இன்னைக்கு ஒரே ஒரு சீட்டுதான்” என்றேன். “போன வாரமே படிச்சிருக்க வேண்டியது. அன்னைக்கு நான் அதுல இருந்ததைப் படிக்கலை. நானா வேற ஒண்ணைச் சொன்னேன். அதாவது, பொய் சொன்னேன்.”

மிஸ் பொய் சொல்வாள் என்பது பிள்ளைகளின் பாடத்திட்டத்திலேயே இல்லை. நான் சிட்டுவைப் பார்த்தேன். “படிக்கலாமா?” என்றேன். அவள் யோசித்துத் தலையாட்டினாள். ஐந்து வரியையும் எழுதியிருந்தபடி படித்தேன்.

லீடர் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். முந்திரிக்கொட்டை கையைத் தூக்காமலேயே, முதல் தடவையாக மெதுவான குரலில், “அப்ப அவ விழுந்தது எங்களாலயா மிஸ்?” என்றான்.

“இல்லப்பா. என்னால. ஓடி ஓடி உதவணும்னு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அவளை ஒவ்வொரு வாரமும் எந்திரிக்க வச்சது நான். விழுந்தவளைத் திட்டினதும் நான்தான்.” அவள் பக்கம் திரும்பினேன். “எல்லார் முன்னாடியும் சொல்றேன். என்னை மன்னிச்சிடும்மா.”

சொல்லி முடித்ததும்தான் தெரிந்தது, என் முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. சேலைக்கு வெளியே தெரியுமளவுக்கு. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் யாருக்கும் அது தெரியவில்லை. அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிட்டு மட்டும் என் காலைப் பார்த்தாள். ஆடுகிற காலை அவளுக்குத் தெரியாதா? மேசையை ஊன்றி எழுந்தாள். நன்றி சொல்லப் போகிறாளோ என்று எனக்குப் பகீரென்றது. அவள் நன்றி சொல்லவில்லை. இடத்தை விட்டு வெளியே வந்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் இருந்த என் நாற்காலி வரை நடந்து போய், அதன் முதுகில் கையை வைத்தாள். இழுக்கவில்லை.

“மிஸ், நாற்காலி போடட்டா? உங்களுக்கு வேணுமா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரை அப்படியே நின்றாள்.

நாலு மாதத்தில் நாங்கள் நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட அவளிடம் கேட்காத கேள்வி அது.

“வேணும்மா” என்றேன்.